ரெண்டேகால் வயசுக்கு என்ன பொம்மை, ஆறு வயசுக்கு என்ன விளையாட்டு?

கேள்வி இது: "மகளுக்கு ரெண்டேகால் வயது, மகனுக்கு ஆறு. பிறந்தநாளுக்கு வந்ததும் நாங்கள் வாங்கியதுமாக ஹால் முழுக்கப் பொம்மை. ஆனால் சின்னவள் எதிலும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் உட்காருவதில்லை, கடைசியில் செல்போன் கேட்டு அழுகிறாள். மூளை வளர்ச்சிக்கு என்று மாதாமாதம் வீட்டுக்கே வரும் ஒரு கிட்டின் விளம்பரம் பார்த்தேன். விலை கூடுதல்தான், வாங்கலாமா? மாதம் ஆயிரம் ரூபாய் வரை ஒதுக்க முடியும். பெரியவனுக்குக் கணக்கு கொஞ்சம் தகராறு. அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்."

கிட் வேண்டாம். இன்னும் சொல்லப்போனால் இந்த மாதம் எதுவுமே வாங்காதீர்கள். ஹாலில் கிடப்பதில் முக்கால்வாசியை அள்ளி, பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளர். பதினெட்டு வருஷமாகப் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாடுவதுதான் பிழைப்பு. என் அறையில் ஒரு பீரோ நிறைய விளையாட்டுச் சாமான் இருக்கிறது, அதைப் பூட்டித்தான் வைத்திருப்பேன். ஒரு பிள்ளை உள்ளே வந்தால் மூன்று, மிஞ்சிப்போனால் நாலு சாமான் வெளியே வரும். "இவ்வளவு இருக்கே மேடம், எல்லாத்தையும் எடுத்துப் போடலாமே" என்று புதிதாக வருகிற பெற்றோர் கேட்பார்கள். ஒருநாள் போட்டே காட்டினேன். பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டது, ஒன்றைத் தூக்கும்போதே கண் அடுத்ததற்குப் போனது, பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மா மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. திருவிழாக் கூட்டத்துக்குள் இறக்கிவிட்ட மாதிரிதான் அதற்கு.

அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் இதையே சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் 36 பிள்ளைகள். உங்கள் மகள் வயசுதான். ஒருமுறை நாலு பொம்மை, இன்னொரு முறை பதினாறு. நாலு மட்டும் இருந்தபோது ஒரே பொம்மையோடு கூடுதல் நேரம் இருந்தார்கள், அதையே புதுப்புது விதமாகப் புழங்கினார்கள். ஆகவே "எதிலும் உட்காருவதில்லை" என்பதற்கு அவளை விட உங்கள் ஹால்தான் காரணமாக இருக்கலாம். தவிர, ரெண்டேகால் வயதில் ஒரு சாமானோடு அஞ்சு நிமிஷம் என்பது குறைவே கிடையாது. அவள் அண்ணன் அரை மணி நேரம் உட்காருகிறான் என்பதை வைத்து அவளை அளக்காதீர்கள்.

பரணில் ஏற்றியதை வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டை இறக்கி ரெண்டை ஏற்றுங்கள். மூன்று வாரம் கண்ணில் படாத பந்து புதுப் பந்துதான்.

முதலில் எவை ஏற வேண்டும்? பேட்டரி போட்டவை. பட்டனைத் தட்டினால் விளக்கு மின்னி, ஏ ஃபார் ஆப்பிள் பாடி, வாலையும் ஆட்டும் நாய்க்குட்டி ஒன்று கட்டாயம் இருக்கும் உங்கள் வீட்டில். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பாப்பாவைக் கவனித்துப் பாருங்கள். ஒரு விரலுக்குத்தான் வேலை. தட்டி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு கச்சேரி பார்க்க வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

அரிசோனாவில் ஓர் ஆய்வு நடந்தது, 2016-ல் அச்சானது. பத்து மாதத்திலிருந்து பதினாறு மாதத்துக்குள் 26 குழந்தைகள், அவரவர் வீட்டில், அவரவர் அம்மா அப்பாவோடு. விளையாடும்போது வீட்டில் கேட்கும் பேச்சைப் பதிவு செய்தார்கள். பேட்டரி பொம்மையோடு இருந்தபோது பெரியவர்கள் நிமிஷத்துக்குச் சுமார் 40 சொல் பேசினார்கள். மரப் புதிர், வடிவம் பொருத்தும் பெட்டி மாதிரி சாதா பொம்மை என்றால் 56. படப்புத்தகம் என்றால் 67. பேசக் கற்றுக்கொடுக்கும் என்று சொல்லி விற்ற பொம்மைதான் வீட்டில் பேச்சைக் குறைத்தது.

இதை நான் மதுரையிலேயே பார்த்திருக்கிறேன். ஓர் அப்பத்தா பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். பாட்டுப் பாடும் பஸ்ஸைக் கொடுத்தபோது அவரும் சேர்ந்து பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை எடுத்து வைத்துவிட்டு ஒரு மரப்பாச்சியையும் ஒரு கைக்குட்டையையும் கொடுத்தேன். "இவளுக்குக் குளுருதாம்த்தா. சேலை கட்டணுமாம். யாரு கட்டிவிடுவா? இந்தா, இந்த நுனியப் பிடி, விட்றாத. கொசுவம் வைப்பமா?" என்று தொடங்கியவர் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. பேத்தி பாதியைக் கேட்டாள், பாதிக்குப் பதில் சொன்னாள், நடுவில் மரப்பாச்சியின் மூக்கை ரெண்டு தரம் கடித்தும் பார்த்தாள். அந்த அப்பத்தாவுக்கு நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. பஸ்ஸை எடுத்தேன், அவ்வளவுதான்.

அதனால் கடையில் நிற்கும்போது நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: இதில் வேலை யாருக்கு, பொம்மைக்கா பிள்ளைக்கா? பாடுவது, ஓடுவது, மின்னுவது, பதில் சொல்வது எல்லாம் பொம்மையே செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? அட்டையில் 'மாண்டிசோரி' என்று போட்டிருந்தாலும் இதே கேள்விதான். பிள்ளைகள் கையால் செய்து கற்கும் பள்ளி முறையை உருவாக்கிய இத்தாலியரான மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் எந்தப் பெட்டியிலும் அச்சடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயருக்காக இருநூறு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

இனி பாப்பாவுக்கு என்ன கொடுப்பது. ரெண்டு நாள் சும்மா அவளைப் பாருங்கள், தன்னிச்சையாக என்ன செய்கிறாள் என்று. இந்த வயதில் பெரும்பாலும் மூன்று வேலை ஓடிக்கொண்டிருக்கும்: நிரப்பிக் கொட்டுவது, திறந்து மூடுவது, உங்களைப் போல நடிப்பது. அவள் எந்த வேலையில் இருக்கிறாளோ அதற்குத் தீனி போட்டால் போதும்.

திறந்து மூட, உங்கள் அடுக்களையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டப்பா அடுக்கு இருக்குமே, அதைக் கொடுங்கள். ஓரம் கூர்மையாக இல்லாததாகப் பார்த்து. கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கை நீட்டாமல் பாருங்கள். மூடியை டப்பா மேல் வைப்பாள், சாய்ந்து நிற்கும். உள்ளங்கையால் ஓர் அடி. அடித்த பக்கம் இறங்கும், எதிர்ப்பக்கம் எழும்பும். அங்கே ஓர் அடி, இங்கே எழும்பும். டப்பாவே நகர்ந்து ஓடும். இந்த இடத்தில்தான் நாம் "குடு, அம்மா போட்டுத் தர்றேன்" என்று பிடுங்கிவிடுகிறோம். பொறுத்தால், ஒரு கட்டத்தில் இடது கை தானாக வந்து டப்பாவைப் பிடித்துக்கொள்ளும், வலது கை அமுக்கும். ஒரு கை பிடிக்க, மறு கை வேலை செய்ய என்று இரண்டு கைகளும் பாகம் பிரித்துக்கொள்ளும் நேரம் அது. நாளைக்குச் சட்டைப் பட்டன் போடுவதும், நோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுவதும், சப்பாத்தியைப் பிய்ப்பதும் இதே ஏற்பாடுதான். எழுத்து சரியில்லை என்று ஏழு வயதில் என்னிடம் அழைத்து வரும் பிள்ளைகளில் பலருக்கு நான் முதலில் பென்சிலே கொடுப்பதில்லை. டப்பாவும் துணிக்கிளிப்பும்தான்.

துணிக்கிளிப்பைச் சொன்னேன் இல்லையா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வயதை நெருங்கும்போது அட்டையின் ஓரத்தில் கிளிப் மாட்டக் கொடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் அதைப்போல ஒரு தேகப்பயிற்சி கிடையாது.

நிரப்பிக் கொட்ட ஒரு தாம்பாளம், ரெண்டு டம்ளர், கொஞ்சம் தண்ணீர், ஒரு பழைய வடிகட்டி. குளியலறையில் வைத்தால் தரை துடைக்கும் வேலை மிச்சம். பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும், நிறைந்த வாளி மட்டும் அங்கே இருக்கக் கூடாது. ஓரடித் தண்ணீருள்ள வாளியில் தலைகுப்புற விழுந்தால் இந்த வயதுப் பிள்ளைக்குத் தலை தூக்கத் தெரியாது.

நடிப்புக்கு வருவோம். சீப்பைக் காதில் வைத்து "அலோ" என்கிறாளா? கரடிக்குச் சோறு ஊட்டுகிறாளா? ஆமாம் என்றால் சந்தோஷப்படுங்கள், அது குறும்பு என்று விட்டுவிடும் விஷயம் கிடையாது. சீப்பு போனாக நிற்க முடியும் என்று தெரிந்த மூளைதான், 'பூனை' என்ற சத்தம் அங்கே உட்கார்ந்திருக்கும் மிருகத்துக்காக நிற்க முடியும் என்பதையும், பிறகு பலகையில் ஒரு கோட்டுச் சுழி அந்தச் சத்தத்துக்காக நிற்க முடியும் என்பதையும் பிடித்துக்கொள்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. எழுத்துப் படிப்பதற்கு அடிவாரம் இங்கேதான் இருக்கிறது, அட்டையில் அச்சடித்த ஏ, பி, சி, டி-யில் இல்லை. இதற்கு நம் ஊர் மரச் சொப்பைத் தாண்டி நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை. அடுப்பு, பானை, அம்மி, உரல் எல்லாம் இருக்கும், எதுவும் சத்தம் போடாது. அண்ணனையும் சேர்த்தே சமைக்க விடுங்கள். சொப்பு பெண்பிள்ளைக்கு, கார் ஆண்பிள்ளைக்கு என்று உறவில் யாராவது பிரித்தால் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

காசு போட்டு ஒரே ஒரு சாமான் வாங்குவதென்றால், சாதா மரக் கட்டைகள். முப்பது நாற்பது உருப்படியாவது வேண்டும், பத்து இருந்தால் ஒன்றும் கட்ட முடியாது. ரெண்டு வயதில் ஆறு கட்டையை அடுக்குவார்கள், மூன்றில் ஒன்பது. இது சராசரிக் கணக்கு, தினமும் பரீட்சை வைப்பதற்காகச் சொல்லவில்லை. முதலில் அடுக்குவாள், பிறகு வரிசையாக வைத்து ரயில் என்பாள், பிறகு ஒருநாள் இரண்டு கட்டைக்கு மேல் மூன்றாவதைக் குறுக்கே வைத்துப் பாலம் கட்டுவாள். பாலம் வந்த அன்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆறு வயதுக்காரன் அதே கட்டையில் கோபுரமும் பார்க்கிங்கும் கட்டுவான், ஆகவே ஒரு செலவில் இரண்டு பேர். கடைக் கட்டை விலை கூடுதலாகப்பட்டால் தெரிந்த ஆசாரியிடம் மிச்ச மரத்தில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல மரமாக இருக்க வேண்டும், பிளைவுட் துண்டு வேண்டாம், சிராய் ஏறும். உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து, பெயின்ட் அடிக்காமல் அப்படியே கொடுக்கலாம்.

படப்புத்தகம் இரண்டு மூன்று, தடித்த கிரேயான் ஒரு டப்பா, ஒரு பந்து. பாப்பாவின் பட்டியல் இதோடு முடிந்தது. கிரேயானால் வட்டம் போட மூன்று வயதாகும், கூட்டல் குறி நாலு வயதில், முக்கோணம் அஞ்சில். இப்போது கிறுக்கினால் போதும்.

பெரியவனின் கணக்குக்கு உங்கள் வீட்டிலேயே மருந்து இருக்கலாம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு என் வேலையையே கொஞ்சம் மாற்றியது. வசதி குறைந்த வீட்டுப் பாலர் பள்ளிப் பிள்ளைகள். ஒன்று முதல் பத்து வரை கட்டம் போட்ட ஒரு நேர் பலகை, காய் நகர்த்தும் விளையாட்டு. தடவைக்குக் கால் மணி நேரமாக இரண்டு வாரத்தில் நாலு தடவை, அவ்வளவுதான். எந்த எண் பெரியது, ஒரு கோட்டில் ஏழு எங்கே வரும் என்பதெல்லாம் தெளிவாகிவிட்டது, ஒன்பது வாரம் கழித்துக் கேட்டபோதும் மறக்கவில்லை. எண் இல்லாமல் வெறும் நிறக் கட்டம் வைத்து அதே விளையாட்டை ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய் நாலில் நிற்கிறது, ரெண்டு விழுந்தது என்றால், நாம் எல்லோரும் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்துவோம். அந்தப் பிள்ளைகளை "அஞ்சு, ஆறு" என்று சொல்லி நகர்த்த வைத்தார்கள். கட்டத்தில் இருக்கும் எண்ணையே வாயால் சொல்ல வேண்டும். பின்னால் 2014-ல் நூறு கட்டப் பலகையை வைத்துச் சோதித்தபோதும், நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியவர்கள்தான் கற்றுக்கொண்டார்கள், ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. அதே பலகை, அதே தாயக்கட்டை, வாய் மட்டும் வேறு. கடையில் விற்கும் பரமபதத்தில் வரிசை பாம்பு மாதிரியே வளைந்து வளைந்து மேலே போகும், சின்னப் பிள்ளைகளுக்குத் திரும்பும் இடத்தில் திசை குழம்பும். அதனால் முதல் ஒரு வாரம் தரையில் சாக்பீஸால் ஒரே நேர்கோட்டில் ஒன்று முதல் இருபது வரை கட்டம் போட்டு, அவனே காயாக நடக்கட்டும். பிறகு பரமபதம்.

அடுத்தது பல்லாங்குழி. வீட்டில் பழைய கட்டை கிடைத்தால் எடுத்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் பதினாலு கிண்ணம் போதும். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு அஞ்சு காய். எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை எடுத்துத் தொடர்வது, அடுத்தது வெறும் குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியை அள்ளிக்கொண்டு ஆட்டத்தை விடுவது. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், உங்கள் மாமியார் சொல்லும் விதியே உங்கள் வீட்டுக்குச் சரி. இதில் பசுவைப் பாருங்கள். எதிராளியின் கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே, எண்ணாமல், "நாலு!" என்று கண் பிடிக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தால் பசு போய்விடும், அடுத்த காய் விழுந்து அஞ்சாகிவிடும். எண்ணாமலே அளவைப் பார்த்துச் சொல்வது கணக்கின் முதல் படி, அதை ஒர்க்‌ஷீட்டில் யாரும் இவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்த்ததில்லை. பத்து நாள் கழித்துப் பாருங்கள், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று அவனே கண்ணாலேயே கணக்குப் போடத் தொடங்குவான்.

காய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டையோ சோழியோ வையுங்கள். சிவப்பாக, மூக்கில் கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணியை எடுத்துக்கொண்டு வராதீர்கள். கடித்து உடைத்து விழுங்கினால் கடும் விஷம். முழுக்கச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு. பழைய பல்லாங்குழிப் பையில் இரண்டும் கலந்து கிடப்பதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பையில் போட்டு, பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எண்ணும் வேலையை அவனுக்கே கொடுங்கள், எழுபது வர வேண்டும்.

தோற்றால் பலகையைத் தட்டிவிட்டு எழுந்து போகிறானா? ஆறு வயதில் போவார்கள். நீங்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டே இருக்காதீர்கள், பிடித்துவிடுவான். நாலுக்கு ஒரு ஆட்டம் நீங்கள் ஜெயியுங்கள், நீங்கள் தோற்கும்போது "அடச்சே, போச்சே, சரி இன்னொரு ஆட்டம் போடு" என்று சத்தமாகவே சொல்லுங்கள். தோற்றவர் எப்படிப் பேசுவார் என்பதை அவன் யாரிடமாவது கேட்டால்தானே தெரியும். தாயம் இதற்கு நல்லது, பாதி அதிர்ஷ்டம் என்பதால் அஞ்சு வயதுக்காரன் அறுபது வயதுத் தாத்தாவை நியாயமாகவே ஜெயிக்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் இன்னும் ஒரு வருஷம் போகட்டும். புலி வைத்து ஆடுவது எளிது, ஆடு வைத்து மடக்குவதற்கு மூன்று நகர்த்தல் முன்னால் யோசிக்க வேண்டும்.

எட்டு, ஒன்பது வயதில் கழற்றி மாட்டும் ஆசை வரும்போது அரவிந்த் குப்தாவைத் தேடுங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தவர், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். செய்முறைகளை இலவசமாகவே போட்டிருக்கிறார்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆறும் ரெண்டும் ஒரே ஹாலில் விளையாடும் வீடு என்பதால் சொல்லாமல் விட முடியாது. பெட்டியில் '3+' என்று போட்டிருந்தால் பலர் அதை அறிவின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். "என் பொண்ணு கெட்டிக்காரி, ரெண்டு வயசிலேயே மூணு வயசு பொம்மை விளையாடுவா" என்று பெருமையாகச் சொன்ன அப்பா ஒருவர் உண்டு. அந்த எண் பெரும்பாலும் தொண்டைக்காகப் போட்டது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் அளக்கப் பத்து ரூபாய் நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள், அது 27 மில்லிமீட்டர். நாணயத்தை விடச் சின்னது, அதை ஒட்டியது எல்லாம் வேண்டாம். பந்து என்றால் நாலரை சென்டிமீட்டருக்கு மேல். அண்ணனின் சின்னச் சின்ன பிளாக், கோலிக்குண்டு எல்லாம் மேஜை மேல், அவன் இடம் என்று ஆகட்டும். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் இதே கணக்கில்தான் வரும்.

பட்டன் பேட்டரிதான் எனக்கு எல்லாவற்றிலும் பயம். ரிமோட், மின்னும் ஷூ, பாடும் வாழ்த்து அட்டை, மலிவு பொம்மை எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே நேராக எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கொருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கச் சொல்கிறார்கள், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இல்லாத பொம்மை வீட்டுக்குள் வரவே கூடாது. சின்ன உருண்டைக் காந்தங்களும் அப்படியே: இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கலர் ஜெல்லி உருண்டை வயிற்றுக்குள்ளும் ஊறிப் பெருக்கும், எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று வாங்கி வந்திருந்தால் இன்றே வெளியேற்றுங்கள்.

2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்றும், மின்சாரத்தில் அல்லது பேட்டரியில் ஓடுவதற்கு 15644 என்றும் இருக்கும். கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே சென்னபட்டணத்து அரக்கு பொம்மையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம், நம்பகமான கடையா என்று பாருங்கள். திருவிழாக் கடை பிளாஸ்டிக்கில் முத்திரை இல்லை என்றால் பயப்படலாம்.

அடுத்த வீட்டில் யாராவது கைக்குழந்தைக்கு வாக்கர் வாங்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் பழைய மூன்று சக்கர நடைவண்டி வேறு சாதி. அதில் பிள்ளை தன் காலில் நின்று, தன் பாரத்தைத் தானே தாங்கித் தள்ளுகிறது. வாக்கர் தூக்கி உட்கார வைத்துக்கொள்கிறது.

போனுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி அவள் வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் உச்ச வரம்பு, குறைந்தால் நல்லது. உங்கள் வீட்டில் அவள் போன் கேட்கும் நேரம் எது என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு, நீங்கள் அடுக்களையில் இருக்கும்போதாக இருக்கும். அந்த நேரத்துக்கு என்றே டப்பா அடுக்கை ஒதுக்கி, உங்கள் காலடியில் கொடுங்கள். முதல் நாலு நாள் அழுவாள்.

ஒன்று மட்டும் பொம்மையால் தீராது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி ரெண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, நடிப்பு விளையாட்டே இல்லாமல் சாமான்களை வரிசையாக அடுக்குவதும் சக்கரம் சுற்றுவதுமாகவே இருக்கிறாள் என்றால், "அவ அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்ற ஆறுதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வளர்ச்சித் தாமதத்தைச் சின்ன வயதிலேயே கண்டறிந்து கவனிக்கும் டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது, பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆக, அடுத்த மாத ஆயிரத்தில் கட்டைகளை வாங்குங்கள், அதற்கடுத்த மாதம் சொப்பும் ரெண்டு படப்புத்தகமும், மூன்றாவது மாதம் பல்லாங்குழியோ தாயமோ. அதற்குப் பிறகு ஆறு மாதம் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். மாமாவும் சித்தப்பாவும் பிறந்தநாளுக்கு என்ன வாங்கட்டும் என்று போன் போடுவார்கள். "நீங்க பாத்து எதாச்சும்" என்று சொன்னால் மறுபடியும் அந்த நாய்க்குட்டிதான் வரும். "பாப்பாவுக்கு ரப்பர் பந்து, தம்பிக்கு ஒரு பம்பரமும் சாட்டையும். பம்பரம் விடக் கத்துக்குடுக்க நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை வரணும்" என்று சொல்லுங்கள்.